எஞ்சினை இறக்குதல்: பத்துப் பேருக்குக் குறைவான பட்டறைகளின் வரலாறு

தமிழ்நாட்டுப் பட்டறைகளில் பெரிய பழுது என்றால் "எஞ்சினை இறக்க வேண்டும்" என்பார்கள். வட இந்தியப் பட்டறைகளில் வழங்கும் "எஞ்சின் உதார்னா" என்ற தொடருக்கும் அதுவே பொருள். உண்மையில் காரின் எஞ்சின் முதலில் இறங்குவதில்லை, ஏறுகிறது. போனட் கழற்றப்பட்ட முன்வாயின் வழியே சங்கிலியில் தொங்கியபடி மேலே வருகிறது. கார் பின்னுக்குத் தள்ளப்பட்ட பிறகே தரைக்கு வருகிறது. இரு மொழிகளும் வேலையின் முற்பகுதியை விட்டுவிட்டு அதன் முடிவையே பெயராக வைத்துக்கொண்டன. இது தற்செயலாகவும் இருக்கலாம். எனினும் அவ்வேலையின் பேராபத்து, எஞ்சின் ஏறத் தொடங்குவதற்கும் தரையில் அமர்வதற்கும் இடைப்பட்ட சில நிமிடங்களில்தான் இருக்கிறது. சுதந்திர இந்தியாவில் அந்தச் சில நிமிடங்களின் பாதுகாப்பு யார் பொறுப்பில் இருந்தது என்பதே இக்கட்டுரை எழுப்பும் கேள்வி.

இதற்குப் பொருத்தமான சான்று அம்பாசிடர். 1942ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம், கொல்கத்தாவை அடுத்த உத்தர்பாராவில் இக்காரைத் தயாரித்தது. பிரிட்டனின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசையை அடியொற்றி 1957இல் வெளிவந்த அம்பாசிடருக்கு முதலில் பழைய சைடு-வால்வு எஞ்சின் இருந்தது. சில ஆண்டுகளில் அதன் இடத்தை 1489 கன சென்டிமீட்டர் ஓவர்ஹெட்-வால்வு எஞ்சின் பிடித்தது. பிளாக், ஹெட் இரண்டுமே வார்ப்பிரும்பு. எஞ்சின் மட்டும் 150 கிலோவுக்கு மேல். கியர்பெட்டியையும் சேர்த்துத் தூக்கினால் ஏறத்தாழ இரண்டு குவிண்டால். இந்த எடைதான் அரை நூற்றாண்டுக் காலம் இந்தியப் பட்டறைகளின் உத்தரங்களில் தொங்கியது.

அது ஏன் அத்தனை முறை தொங்க நேர்ந்தது என்பதற்குப் பொருளாதாரக் கொள்கையில் விடை இருக்கிறது. 1920களின் பிற்பகுதியிலேயே ஃபோர்டு, ஜெனரல் மோட்டார்ஸ் ஆகிய அமெரிக்க நிறுவனங்கள் இந்தியாவில் பாகங்களை இறக்குமதி செய்து காராகப் பூட்டி விற்றுவந்தன. பூட்டுவதோடு நிற்காமல் பாகங்களைப் படிப்படியாக உள்நாட்டிலேயே தயாரிக்கும் திட்டம் உடையவர்களுக்கே இனி இடம் என்பது 1953ஆம் ஆண்டுச் சுங்கவரி ஆணைய அறிக்கையைத் தொடர்ந்து அரசு எடுத்த நிலைப்பாடு. அமெரிக்க நிறுவனங்கள் வெளியேறின. ஹிந்துஸ்தான் மோட்டார்ஸ், பம்பாயின் பிரீமியர் ஆட்டோமொபைல்ஸ், சென்னையின் ஸ்டாண்டர்டு மோட்டார் ஆகிய மூன்றே கார்த் தயாரிப்பில் முதன்மையாக எஞ்சின. 1950களின் இறுதியில் நேர்ந்த அந்நியச் செலாவணி நெருக்கடி இறக்குமதியை மேலும் இறுக்கியது. உற்பத்தி உரிமத்துக்குக் கட்டுப்பட்டது. புதுக் காருக்குப் பதிந்துவைத்து ஆண்டுக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருந்தது.

புதிய கார் கிடைக்காத நாட்டில் பழைய கார் சாகக் கூடாது. சிலிண்டர் சுவர் தேய்ந்தால் அதைக் கடைந்து ஆயிரத்தில் 20 அங்குலமோ 40 அங்குலமோ அகலப்படுத்தி, அதற்கேற்ற பெரிய பிஸ்டன் இட்டார்கள். கிராங்க் தண்டு தேய்ந்தால் அதைச் சாணைபிடித்துச் சன்னமாக்கி, அந்த அளவுக்குத் தடித்த பேரிங் இட்டார்கள். கடையும் எல்லையும் தாண்டிவிட்டால் பிளாக்கில் உறை செருகி மீண்டும் முதல் அளவுக்குக் கொண்டுவந்தார்கள். கொல்கத்தாவின் மல்லிக் பஜாரும் தில்லியின் காஷ்மீரி கேட்டும் சென்னையின் புதுப்பேட்டையும் உதிரிபாகங்களின் பெயரால் அறியப்பட்டது இந்தச் சூழலில்தான். கார்பனைச் சுரண்டுவது, வால்வைத் தேய்த்து அமர்த்துவது போன்ற மேல்வேலைகளைக் காரில் வைத்தே செய்துவிடலாம். போர் கடையவும் கிராங்க் சாணைபிடிக்கவும் எஞ்சின் வெளியே வந்தே தீர வேண்டும். ஆக, எஞ்சினைத் தூக்குதல் பட்டறையின் அன்றாட வேலையாகிவிட்டதற்குப் பற்றாக்குறைப் பொருளாதாரமே முதற்காரணம்.

அவ்வேலையின் வரிசைமுறையைக் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொரு படிக்குப் பின்னும் ஒரு விபத்தின் நினைவு இருப்பது தெரியும். முதலில் பேட்டரி. வண்டியின் உடலோடு இணைந்த முனையை முதலில் கழற்ற வேண்டும். மற்றதைக் கழற்றும்போது ஸ்பேனர் உடலில் பட்டால் தீப்பொறி எழும், பக்கத்திலேயே பெட்ரோல் குழாய் இருக்கிறது. "எதிர்முனையை முதலில்" என்று இன்றைய கையேடுகள் சொல்வது எல்லாக் காலத்துக்கும் பொருந்தாது. அக்காலப் பிரிட்டிஷ் வடிவமைப்புக் கார்கள் பலவற்றில் உடலோடு இணைந்தது நேர்முனை. காரணம் அறிந்தவர் விதியை வண்டிக்கேற்பத் திருப்பிக்கொள்வார். மனப்பாடம் செய்தவர் தவறுவார்.

அடுத்து, கீல் இருந்த இடத்தில் குறியிட்டுவிட்டுப் போனட்டைக் கழற்றுவார்கள். சூடு ஆறிய பிறகே ரேடியேட்டர் நீரையும் எஞ்சின் எண்ணெயையும் வடிப்பார்கள். ரேடியேட்டர் வெளியே வந்தால்தான் எஞ்சின் முன்னோக்கி நகர இடம் கிடைக்கும். பெட்ரோல் குழாயைக் கழற்றி முனையை அடைப்பார்கள். புகைக்குழாய், கார்புரேட்டர் கம்பிகள், டைனமோ, ஸ்டார்ட்டர் ஆகியவற்றின் இணைப்புகள் ஒவ்வொன்றாகப் பிரியும். ஒன்றை மறந்தாலும் எஞ்சின் ஏறும்போது அது இழுபட்டு அறும். இல்லையேல் தொங்கும் சுமையை ஒரு பக்கமாகத் திருப்பிவிடும்.

கியர்பெட்டியில் இரண்டு வழிகள் உண்டு. அதையும் சேர்த்தே தூக்குவதானால் பின்னால் புரொபெல்லர் ஷாஃப்டையும், ஸ்டியரிங் தண்டோடு வரும் கியர்க்கோல் இணைப்புகளையும் விடுவிக்க வேண்டும். நீண்ட உருவை வாலைத் தாழ்த்தி மூக்கை உயர்த்திச் சாய்வாக எடுக்க வேண்டும். கியர்பெட்டியை வண்டியிலேயே விடுவதானால் அதற்கு அடியில் ஜாக்கி தாங்கல் கொடுத்து, கியர்பெட்டியின் முன்தண்டு கிளட்ச் தட்டிலிருந்து முழுதும் விடுபடும்வரை எஞ்சினை நேராக முன்னுக்கு இழுக்க வேண்டும். பாதி விடுபட்ட நிலையில் மேலே தூக்கினால் எடை முழுவதும் அந்தத் தண்டில் ஏறிக் கிளட்ச் தட்டைக் கெடுத்துவிடும். சட்டென்று விடுபடும் எஞ்சின் ஊசலாகி எதிரில் நிற்பவர் மீது மோதும்.

பார்வைக்குத் தப்பும் நுட்பம் இன்னொன்று. எஞ்சினின் எடை நீங்க நீங்க, முன்சக்கரங்களின் மேல் அமுங்கியிருந்த உடல் நிமிர்கிறது. எஞ்சின் ஏறுவதோடு காரும் ஏறுகிறது. போதிய இடைவெளி வந்துவிட்டது என்று எண்ணி இடையில் கைவிடுபவரின் விரல், நிமிரும் குறுக்குச் சட்டத்துக்கும் எண்ணெய்த் தொட்டிக்கும் நடுவே சிக்கும்.

தூக்கும் கருவிக்கும் ஒரு வரலாறு உண்டு. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இங்கிலாந்தில் தாமஸ் ஆல்ட்ரிட்ஜ் வெஸ்டன் வடித்த வேறுபாட்டுக் கப்பி இதன் மூதாதை. ஒரே அச்சில் ஆரத்தில் சற்றே வேறுபட்ட இரு கப்பிகள்; அவ்விரண்டின் மீதும் முடிவற்ற ஒரே சங்கிலி. ஆர வேறுபாடு எவ்வளவு சிறிதோ, இழுப்பவரின் விசை அவ்வளவு பெருகும். அதன் உராய்வே பாதுகாப்பாகவும் அமைந்தது: கையை விட்டாலும் சுமை தானாகக் கீழே ஓடாது. பின்னர் வந்த பல்சக்கரச் செயின் பிளாக்குகளில் உராய்வைக் குறைத்து, அந்தக் காவலைத் தனி பிரேக்கிடம் ஒப்படைத்தார்கள். இரண்டு குவிண்டால் எடையை ஒருவரே இழுத்து அந்தரத்தில் நிறுத்த முடிந்தது இப்படித்தான்.

கருவி சுமையை விடாமல் பிடித்துக்கொள்ளும்; தான் எங்கே தொங்குகிறது என்பதை அது அறியாது. தொழிற்சாலையில் அது எஃகு உத்தரத்தில் தொங்கியது. சாலையோரப் பட்டறையில் வேப்பமரக் கிளையிலும் தகரக்கொட்டகையின் குறுக்குக் குழாயிலும் மூன்று கழிகளைக் கட்டிய முக்காலியிலும் தொங்கியது. எஞ்சினைச் சுற்றிய கயிற்றின் கணக்கும் வெளிப்பார்வைக்கு மாறானது. 200 கிலோ எடையை இரண்டு கால்களாகப் பிரிந்த கயிறு தாங்கும்போது, கால்களுக்கு இடைப்பட்ட கோணம் 60 பாகை என்றால் ஒவ்வொரு காலிலும் ஏறத்தாழ 115 கிலோ விசை. 120 பாகையானால் ஒவ்வொன்றிலும் முழு 200 கிலோ. 150 பாகைக்கு விரிந்தால் 386 கிலோ. தலைக்கு மேல் இடம் போதாத தாழ்ந்த கொட்டகையில்தான் கயிற்றைக் குட்டையாகக் கட்ட நேர்கிறது. கயிறு குட்டையானால் கோணம் விரியும். வறிய பட்டறையின் கூரை உயரமே கயிற்றின் இழுவிசையைத் தீர்மானித்தது எனலாம்.

இந்தக் கணக்கைச் சட்டம் அறியாமல் இல்லை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 29ஆம் பிரிவு தூக்கும் இயந்திரம், சங்கிலி, கயிறு, தூக்குக் கருவி ஆகியவற்றைப் பற்றியது. அவை நல்ல கட்டமைப்பும் போதிய வலுவும் உடையனவாக இருக்க வேண்டும். தகுதியுள்ள ஒருவர் 12 மாதங்களுக்கு ஒரு முறையேனும் முழுமையாகச் சோதிக்க வேண்டும். பாதுகாப்பான சுமையளவு அவற்றின் மீது தெளிவாகக் குறிக்கப்பட வேண்டும். அதற்கு மேல் ஏற்றக் கூடாது. அச்சட்டத்தில் "உற்பத்திச் செயல்முறை" என்பதன் வரையறை பழுதுபார்த்தலையும் உள்ளடக்குவதால், மோட்டார்ப் பட்டறையும் தொழிற்சாலை ஆகலாம். ஆனால் 2ஆம் பிரிவில் வாசல் இருக்கிறது: மின்விசை போன்ற ஆற்றலைப் பயன்படுத்தும் இடத்தில் 10 பேர், பயன்படுத்தாத இடத்தில் 20 பேர் வேலை செய்தால்தான் அது தொழிற்சாலை. பெரும் போக்குவரத்து நிறுவனங்களின் பணிமனைகள் அந்த வாசலுக்குள் வந்தன. ஒரு மேஸ்திரியும் மூன்று நான்கு பையன்களும் கொண்ட பட்டறை வெளியே நின்றது.

அந்த எண்ணுக்கும் ஒரு நீண்ட வரலாறு உண்டு. இந்தியாவின் முதல் தொழிற்சாலைகள் சட்டம் 1881இல் வந்தபோது எல்லை 100 தொழிலாளர். 1891இல் அது 50 ஆனது. 1922இல் 20. 1948இல், ஆற்றல் பயன்படும் இடங்களுக்கு, 10. ஒவ்வொரு முறையும் எண் குறைந்தது. ஒவ்வொரு முறையும் புதிதாகச் சில கூரைகள் சட்டத்தின் பார்வைக்குள் வந்தன. இந்தப் போக்கு தொடர்ந்திருந்தால் நான்கு பேர் பட்டறையையும் ஒருநாள் அது எட்டியிருக்கக்கூடும். வழியும் இருந்தது: பத்துக்கும் குறைவானோர் பணியாற்றும் இடங்களுக்கும் சட்டத்தை விரிவாக்க 85ஆம் பிரிவு மாநில அரசுகளுக்கு அதிகாரம் அளித்தது. ஆனால் அது கட்டாயம் அன்று, விருப்ப அதிகாரம். 2020ஆம் ஆண்டுப் பணிப் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் சட்டத்தொகுப்பு தொழிற்சாலைக்கான எல்லையை 10இலிருந்து 20ஆகவும், ஆற்றல் பயன்படாத இடங்களில் 20இலிருந்து 40ஆகவும் உயர்த்தியது. பத்துப் பேரைக் கொண்ட நிறுவனங்களுக்குப் பொதுவான சில கடமைகளை அத்தொகுப்பு விதிக்கிறது என்பது உண்மையே. ஆயினும் 1881 முதல் கீழ்நோக்கியே வந்த ஓர் எண் முதன்முறையாக மேலே ஏறியிருக்கிறது.

இதற்கு நேர்மாறாக, எஞ்சின் என்ற பொருளைச் சட்டம் ஒருபோதும் கைவிடவில்லை. ஒவ்வொரு எஞ்சினிலும் எண் பொறிக்கப்பட்டிருக்கிறது. அந்த எண் பதிவுச் சான்றிதழில் இடம்பெறுகிறது. வேறு எஞ்சின் மாற்றினால் பதிவு அதிகாரியின் பார்வைக்குப் போக வேண்டும். திருட்டும் வரியும் உரிமையும் அந்த எண்ணைச் சார்ந்தவை. மேலே தொங்கும் இரும்பை அரசு தனித்தனியாக அடையாளம் காண்கிறது. அதன் கீழ் நிற்பவரை, அவருடன் இன்னும் ஒன்பது பேர் நின்றால்தான் காண்கிறது.

அப்படியானால் அந்த ஆண்டுகளில் பட்டறையின் பாதுகாப்பு எதில் தங்கியிருந்தது? பெரும்பகுதி வாய்மொழியில். வட இந்தியப் பட்டறைகளில் தலைவர் "உஸ்தாத்", பாரசீகத்திலிருந்து வந்த சொல். "மிஸ்திரி" என்பதும் தமிழின் "மேஸ்திரி" என்பதும் "மெஸ்த்ரே" என்ற போர்ச்சுகீசியச் சொல்லிலிருந்து பிறந்தவை. இவை மூன்றுமே ஒரே நேரத்தில் ஆசானையும் தொழில்வல்லவரையும் குறிப்பவை; கற்பித்தலும் வேலையும் பிரியாத ஓர் உலகத்தின் சொற்கள். தூக்கும் நேரத்தில் ஒரே ஒருவர்தான் குரல் கொடுக்க வேண்டும். தொங்கும் எஞ்சினின் கீழ் கையோ காலோ போகக் கூடாது. எஞ்சின் வெளிவந்ததும் கார்தான் நகர வேண்டும், சுமை அன்று. கார் நகர்ந்த உடனே எஞ்சினைத் தரைக்குக் கொண்டுவர வேண்டும். தொங்கவிட்டபடி எந்த வேலையும் கூடாது. பழைய டயரின் மீதோ மரக்கட்டையின் மீதோ சாயாதபடி அமர்த்திய பிறகுதான் சங்கிலியைத் தளர்த்த வேண்டும். எந்தப் பொறியியல் பாடநூலும் மறுக்காத விதிகள் இவை. பெரும்பாலும் திட்டாகவும் சில வேளை அடியாகவும் இவை கற்பிக்கப்பட்டன.

இந்த வாய்மொழி அறிவைப் போற்றுவது எளிது. அதன் விலையையும் சேர்த்தே எண்ண வேண்டும். கற்றவர் பலர் குழந்தைகள். ஸ்பேனரை எண் சொல்லி எடுத்துக்கொடுப்பதில் தொடங்கி, சிறிய உடல் என்பதாலேயே வண்டியின் அடியில் நுழைந்து மவுண்டிங் நட்டைக் கழற்றுவதுவரை அவர்களின் பணி. 1950இல் தொடங்கிய கைவினைஞர் பயிற்சித் திட்டமும் தொழிற்பயிற்சி நிலையங்களும் 1961ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டமும் இன்னொரு பாதையைத் திறந்தன. அதில் மோட்டார் வாகன மெக்கானிக் ஒரு முறையான தொழிற்பிரிவு. ஆனால் அந்தப் பாதைக்குப் பள்ளிப் படிப்பும் சான்றிதழும் வேண்டும். பட்டறைப் பையனிடம் அவை இருப்பதில்லை; இருந்திருந்தால் அவன் அந்த வயதில் பட்டறைக்கு வந்திருக்க மாட்டான். 1986ஆம் ஆண்டுக் குழந்தைத் தொழிலாளர் சட்டத்தின் தடைப்பட்டியலில் மோட்டார்ப் பட்டறைகள் பின்னர் சேர்க்கப்பட்டன. 2016ஆம் ஆண்டுத் திருத்தம், குடும்பத் தொழில் உள்ளிட்ட சில விலக்குகளோடு, 14 வயதுக்குட்பட்டோரை எல்லா வேலைகளிலிருந்தும் விலக்கியது. சங்கிலி பற்றிய சட்டம் நுழையாத பட்டறைக்குள் குழந்தை பற்றிய சட்டம் நுழைந்தது. தடை மிகவும் தேவையானது. ஆனால் 19 வயதில் அதே பட்டறைக்கு வருபவருக்கு அந்த வேலையை முறையாகக் கற்பிப்பது யார் என்ற கேள்விக்குத் தடையில் விடை இல்லை.

இதற்குள் எஞ்சினும் மாறிவிட்டது. 1983 டிசம்பரில் வந்த மாருதி 800 முன்சக்கர இயக்கம் கொண்டது. எஞ்சினும் கியர்பெட்டியும் ஒரே தொகுதியாகக் காரின் அகலவாட்டில் கிடந்தன. எடை அம்பாசிடர் எஞ்சினில் பாதிகூட இல்லை. அம்பாசிடரே 1990களின் தொடக்கத்தில் இசுசூவின் 1.8 லிட்டர் எஞ்சினை ஏற்றது. சிலிண்டர்கள் நீடித்து உழைத்தன. நிறுவனங்களின் பணிமனைகள் பெருகின. அங்கே சக்கரம் வைத்த ஹைட்ராலிக் தூக்கி வந்தது. 2014 மே மாதம் உத்தர்பாரா ஆலை உற்பத்தியை நிறுத்தியது. பழைய வண்டிகளின் ஆயுளை இப்போது போர் அளவு தீர்மானிப்பதில்லை. கொல்கத்தாவில் வணிக வாகனங்களுக்கு 15 ஆண்டு, மும்பையில் டாக்சிகளுக்கு 20 ஆண்டு என வயது வரம்பு தீர்மானிக்கிறது. இன்னும் ஒருமுறை கடைய இடமுள்ள பிளாக்குகளும் உடைக்கும் இடத்துக்குப் போயின.

எனவே இந்த வரலாறு முடிந்துவிட்டது என்று தோன்றலாம். முடியவில்லை. சிறிய பட்டறைகள் இன்றும் இருக்கின்றன. சிற்றுந்துகளின் டீசல் எஞ்சின்களும் சரக்கு வண்டிகளின் எஞ்சின்களும் இன்றும் அங்கேதான் இறங்குகின்றன. அவற்றுள் பல அம்பாசிடரின் எஞ்சினைவிடக் கனமானவை. நாளை மின்கார்களின் பேட்டரித் தொகுதிகள் அதே கொட்டகைக்கு வரும். அவை மேல்வழியே ஏறாமல் அடிவழியே இறங்கும். அப்போது "இறக்குதல்" என்ற சொல் முதன்முறையாக நேர்ப்பொருளில் பொருந்தும். அவை சில நூறு கிலோ எடையும் சில நூறு வோல்ட் அழுத்தமும் கொண்டவை. தவறு செய்து கற்றுக்கொள்ளும் வாய்ப்பை அந்த மின்னழுத்தம் தருவதில்லை; அரை நூற்றாண்டுக் கால வாய்மொழி விதிகளில் அதைப் பற்றி ஒரு வரியும் கிடையாது.

இந்தியத் தொழிற்பாதுகாப்பின் வரலாறு பெரும்பாலும் ஆலைகளின், சுரங்கங்களின், துறைமுகங்களின் வரலாறாகவே எழுதப்பட்டிருக்கிறது. ஆவணங்கள் அங்கேதான் இருக்கின்றன. ஆய்வாளர் நுழையாத இடத்தில் ஆய்வறிக்கை இல்லை, அறிக்கை இல்லாத இடத்தில் விபத்தும் பதிவாவதில்லை. பத்துப் பேர் என்ற வாசல் பாதுகாப்பை மட்டும் பங்கிடவில்லை; எது வரலாறாக எஞ்சும் என்பதையும் பங்கிட்டது. சட்டம் தலைகளை எண்ணாமல் சுமையை எடைபோட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்வி கற்பனை அன்று. சோதித்த தேதியும் சுமையளவும் குறித்த ஒரு சங்கிலியை, எத்தனை பேர் வேலை செய்யும் இடமாயினும், கட்டாயமாக்குவது நிர்வாகத்தால் இயலாத காரியம் அன்று. நான்கு பேர் கொட்டகையில் தொங்கினாலும் நானூறு பேர் ஆலையில் தொங்கினாலும் இருநூறு கிலோ இருநூறு கிலோதான்.